பித்தளைத் தகடு உண்டா?

தாராவி லேபர் கேம்ப் முனையில் அப்துல் ரவூப் பாயின் பழைய கார் உதிரிபாகக் கடை இருக்கிறது. அங்கே ஃபியட் காருக்குச் சாமான் கேட்டு யார் வந்தாலும், கவுண்டரில் இருக்கும் ஷைனி உடனே அலமாரிப் பக்கம் திரும்பமாட்டாள். முதலில் விசாரணைதான்.

“வண்டி ஃபியட்டு, சரி. உள்ள என்ன இன்ஜின் கெடக்கு?”

வந்தவருக்கு எரிச்சலாக இருக்கும். ஃபியட்டுக்குள் ஃபியட் இன்ஜின் இல்லாமல் ஏரோப்ளேன் இன்ஜினா இருக்கும் என்று முறைப்பார். ஆனால் இந்த ஊரில் அப்படி உறுதியாகச் சொல்லிவிட முடியாது. டாக்சியாக ஓடித் தேய்ந்த அந்தச் சின்ன வண்டிகளின் வயிற்றுக்குள் என்னென்னவோ போய் வந்திருக்கிறது. டீசல் மலிவாக இருந்த காலத்தில் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு, எங்கிருந்தோ வந்த டீசல் இன்ஜினை ஏற்றினார்கள். கேஸில்தான் ஓட வேண்டும் என்று உத்தரவு வந்ததும் அதை இறக்கிவிட்டு, எவனோ கழற்றிப் போட்ட பெட்ரோல் இன்ஜினை ஏற்றினார்கள். இன்ஜின் மேல் அடித்திருக்கும் நம்பரையும் நம்ப முடியாது. பழைய நம்பரை ராவி எடுத்துவிட்டுப் புது நம்பர் அடிப்பது இங்கே பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

அதனால்தான் ஷைனி கேட்பாள். ஸ்பார்க் பிளக் இருக்கா? டைனமோவா, ஆல்டர்னேட்டரா? மேல் ஹெட்டு அலுமினியமா, இரும்பா? பதில்களை வைத்து உள்ளே இருப்பது இன்னதென்று கண்டுபிடித்த பிறகுதான் சாமானைக் கையில் கொடுப்பாள். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஸ்டீயரிங்கைப் பிடித்ததுகூட இல்லை. கேட்டுக் கேட்டே படித்த படிப்பு அது.

எல்லாம் முடிந்த பிறகு, பொட்டலம் கட்டிக்கொண்டே கடைசியாக ஒன்று கேட்பாள்.

“இன்ஜின் பிளாக்குல பக்கவாட்டுல ஒரு பித்தளைத் தகடு உண்டா?”

எல்லோரும் இல்லை என்பார்கள். சிலர் எதற்கு என்று கேட்பார்கள். “சும்மாத்தான்” என்று சொல்லிவிடுவாள். ரவூப் பாய் மட்டும் அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொள்வார். அவருக்குத் தெரியும், அது வியாபாரக் கேள்வி அல்ல என்று.

ஷைனியின் கணவன் ஸ்டெர்லின் டாக்சி டிரைவர். ராதாபுரம் பக்கத்திலிருந்து வந்தவன். நன்றாகப் பாடுவான், நன்றாகப் பேசுவான், வீட்டில் ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் மட்டும் ஒரு மாதம் ஆக்குவான். ஒரு கோடையில் வண்டி சூடேறி, இன்ஜினின் பக்கச் சுவர் விரிசல் விட்டு, தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. வேறு இன்ஜின் வாங்க வக்கில்லை. ஒரு தகடு வைத்துத் திருகி அடைத்துவிடலாம் என்றார்கள். ஸ்டெர்லின் வீட்டுக்கு வந்து பரணில் ஏறினான். ஷைனிக்கு அவள் அம்மா சீராகக் கொடுத்த பித்தளைத் தாம்பாளத்தை இறக்கினான். பாத்திரக் கடையில் உட்கார்ந்து, புள்ளி புள்ளியாக மகள் பெயரை வெட்டச் சொல்லி வாங்கி வந்த தாம்பாளம் அது. வெட்டியிருந்த பெயரோடு ஒரு துண்டை அப்படியே அறுத்து எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்றைக்கு ஷைனி ஆடிய ஆட்டம் கொஞ்சமில்லை. சாயங்காலம் அவளை இழுத்துக்கொண்டு போய் பானட்டைத் திறந்து காட்டினான். பெயர் வெளியே தெரியும்படியாகத் தகட்டைத் திருகியிருந்தான்.

“பாத்தியாட்டி? ஒம் பேருதான் என் இன்ஜினத் தாங்குது.”

கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. அதன் பிறகு பல நாள் அவள் அதை நினைத்து நினைத்துத் தனியாகச் சிரித்திருக்கிறாள். பாவி மகள், வேறென்ன சொல்வது.

மகள் அனிஷா பாலர் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் காலையில், ஏர்போர்ட் சவாரி என்று சொல்லிவிட்டுப் போன ஸ்டெர்லின் திரும்பி வரவில்லை. ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. போலீஸ், ஆஸ்பத்திரி, பிணவறை என்று ஷைனி அலையாத இடம் இல்லை. ஊருக்குப் போயிருப்பான் என்றார்கள். மழைத் தண்ணீரில் வண்டியோடு போயிருப்பான் என்றார்கள். வேறு விதமாகவும் சொன்னார்கள்; அப்படிச் சொன்னவர்களோடு அவள் பேச்சை நிறுத்திக்கொண்டாள். பிழைப்புக்காக ரவூப் பாயிடம் வேலைக்கு வந்தாள். ஃபியட் ஓட்டுகிற டாக்சிக்காரன் என்றைக்காவது ஒருநாள் இங்கே சாமானுக்கு வந்துதானே தீர வேண்டும்? ஸ்டெர்லின் வராவிட்டாலும் அந்த வண்டி வரும், வண்டியை விற்றிருந்தாலும் அந்தத் தகடு வரும் என்று கணக்குப் போட்டாள். அப்படித்தான் கடைசிக் கேள்வி பிறந்தது.

வருடங்கள் ஓடின. கறுப்பு மஞ்சள் ஃபியட் டாக்சிகள் எல்லாம் வயது முடிந்து ரோட்டை விட்டே போய்விட்டன. ஆசைக்காக வைத்திருக்கும் சொந்தக் கார்க்காரர்கள் மட்டும்தான் இப்போது சாமானுக்கு வருகிறார்கள். ஷைனி கேட்பதை நிறுத்தவில்லை. கழுத்தில் சிலுவைத் தாலியும் இறங்கவில்லை. “அப்பா வருவாங்க” என்று சொல்லிச் சொல்லியே மகளை வளர்த்துவிட்டாள்.

அதுதான் இப்போது வினையாக வந்து நின்றது. அனிஷாவுக்குச் சுனாபட்டியில் மாப்பிள்ளை அமைந்திருந்தான். அஜின், ஏசி மெக்கானிக், தங்கமான பையன். வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் ஓலை. இன்னாரின் மகனுக்கும் இன்னாரின் மகளுக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பூசை நடுவில் சாமியார் மூன்று ஞாயிறு வாசிப்பார். அதில் பெண்ணின் அப்பாவை எப்படி வாசிப்பது?

“இருக்கார்னா பேரை மட்டும் வாசிக்கிறேன், இல்லேன்னா ‘காலஞ்சென்ற’ன்னு சேத்து வாசிக்கிறேன். சனிக்கிழமைக்குள்ள சொல்லிரும்மா” என்றார் சாமியார்.

அஜினின் அம்மா லூசியம்மாள் வீட்டுக்கே வந்துவிட்டாள். நல்ல மனுஷிதான், ஆனாலும் மாப்பிள்ளையின் அம்மா.

“மைனி, நான் குத்தமாச் சொல்லல. இருந்தா இருக்காவன்னு சொல்லுவோம், இல்லன்னா இல்லன்னு சொல்லுவோம். ரெண்டுங்கெட்டானா வாசிச்சா கோயில்ல நாலு பேரு வாய்க்கு வந்ததப் பேசுவாவ. பிள்ளைகளுக்குத்தான சங்கடம்?”

ஷைனி வாயைத் திறப்பதற்குள் அனிஷா உள்ளேயிருந்து வந்தாள்.

“ஆன்ட்டி, அப்பா இருக்காங்க. ‘காலஞ்சென்ற’ன்னு வாசிச்சா நான் பெஞ்ச விட்டு எந்திரிச்சுப் போயிருவேன். சச்சீ, நெசமாத்தான் சொல்றேன். கல்யாணத்துக்குள்ள அப்பா வருவாங்க. என் கையப் பிடிச்சு பீடம் வரைக்கும் கூட்டிட்டுப் போறது அவங்கதான். ஹைனா, அப்படித்தானம்மா?”

ஷைனி தலையை ஆட்டினாள். இத்தனை வருஷம் ஆட்டிய தலை, பழக்கத்தில் ஆடிவிட்டது. லூசியம்மாள் டீயைக் குடிக்காமல் எழுந்து போனாள்.

அதற்கு இரண்டாம் நாள் கடைக்கு ஒரு போன் வந்தது. செம்பூரிலிருந்து ஸ்மிதா என்ற பெண். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள், பேங்கில் பெரிய வேலை. அப்பா விட்டுப்போன ஃபியட்டைச் சரி பண்ணி ஓட்டுகிறாள். பழைய இன்ஜின் இறுகிப்போனதால் வேறு இன்ஜின் வாங்கி மாட்டியிருக்கிறாள். இப்போது வாட்டர் பம்ப் வேண்டும். ஷைனி வழக்கம்போல ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஸ்மிதா பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துச் சொன்னாள். பெட்ரோல்தான், ஃபியட்டின் சொந்த இன்ஜின்தான் என்று முடிவானது. பம்பை எடுத்து வைப்பதாகச் சொல்லிவிட்டு ஷைனி கடைசிக் கேள்வியைக் கேட்டாள். மனசு அதில் இல்லை, வாய்தான் கேட்டது.

“பக்கவாட்டுல பித்தளைத் தகடு ஏதும் உண்டா மேடம்?”

“ஆமா, இருக்கே! உங்களுக்கு எப்படித் தெரியும்? நானே கேக்கணும்னு இருந்தேன். அதுல என்னமோ எழுதியிருக்கு, தமிழ் மாதிரி இருக்கு. நேக்குப் படிக்க வராது. இன்ஜின் பண்ணின கம்பெனி பேரா அது?”

ஷைனி போனை ரவூப் பாயிடம் கொடுத்துவிட்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். பாய்தான் விலாசம் வாங்கினார். பம்பையும் அவள் கையில் கொடுத்து, “போயிட்டு வா ஷைனிம்மா” என்றார்.

செம்பூரில் அந்தக் கட்டடத்தின் கார் நிறுத்தும் இடத்தில், ஆலிவ் பச்சையில் புதுப் பெயின்ட் அடித்த வண்டி நின்றது. ஸ்மிதா பானட்டைத் தூக்கி, போன் வெளிச்சத்தைக் காட்டினாள். எண்ணெய் அழுக்குக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்குப் பித்தளை. ஷைனி முந்தானையால் அதைத் துடைத்தாள். புள்ளி புள்ளியாக எழுத்து. ஒரு ஸ்க்ரூ ‘னி’யின் சுழியிலேயே இறங்கியிருந்தது. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவினாள். அம்மா பாத்திரக் கடையில் நின்றது, அந்தச் சாயங்காலம், எல்லாம் கண்முன் வந்தது.

“என்ன கம்பெனி ஷைனி?”

“கம்பெனி இல்ல மேடம், ஒட்டு. விரிசல அடைக்க வச்சது. இன்ஜின் நல்ல இன்ஜின்தான்.”

“பார்க்க நன்னாவே இல்லையே. கழட்டிட்டு வேற போட்டுடலாமா?”

“கழட்டாதிய மேடம். கழட்டினா தண்ணி நிக்காது” என்றாள் ஷைனி. தகட்டிலிருந்து அவள் கையை எடுக்காததைப் பார்த்துவிட்டு, ஸ்மிதா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இந்த இன்ஜினை எங்கே வாங்கினீர்கள் என்று ஷைனி கேட்டாள்.

“பாண்டுப்ல உஸாமான்னு ஒரு மெக்கானிக்.”

உஸாமாவை ஷைனிக்கு நன்றாகத் தெரியும். கடைக்கு வருடக்கணக்காக வருகிறவன். மேலப்பாளையத்துப் பிள்ளை, வாய் நிறைய ‘அக்கா’ என்பான். இன்ஜினுக்கும் மேல் ஹெட்டுக்கும் நடுவில் வைக்கும் கேஸ்கெட்டை அவன் எப்போதும் இரண்டிரண்டாக வாங்குவான். ஹெட்டை அதிகமாகச் சீவிவிட்ட இன்ஜின், ஒன்று போட்டால் நிற்காது என்பான். அப்படி இன்ஜின் ஊரில் எத்தனையோ. ஒவ்வொரு தடவையும் அவள் கடைசிக் கேள்வியைக் கேட்டிருக்கிறாள். முதல் தடவை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றான்; அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் இல்லை என்றிருக்கிறான்.

மறுநாள் சயானில் ஸ்லோ லோக்கல் ஏறி பாண்டுப்பில் இறங்கினாள். ஆறே ஸ்டேஷன், அவ்வளவுதான். இவ்வளவு கிட்டத்தில் இருந்துகொண்டு ஒரு மனிதன் வராமல் இருப்பானா, செத்துத்தான் போயிருப்பான் என்று ரயிலில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டு போனாள். செத்தவனின் வண்டி கைமாறிக் கைமாறி உஸாமாவிடம் வந்திருக்கும். அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்டதும் பயந்துபோய்ச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

உஸாமா வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். ஷைனியைப் பார்த்ததும் ஆச்சரியத்தில் சிரித்தான். அவள் நேராகத் தகட்டைப் பற்றிக் கேட்டாள். சிரிப்பு போய்விட்டது.

“அக்கா, மாஃப் பண்ணிருங்க. பிளேட் இருந்துச்சு. நான்தான் இல்லன்னு சொன்னேன். அது ஒரு டாக்சிக்கார அண்ணனோட வண்டி. மொதத் தடவ நீங்க கேட்டப்ப எனக்குத் தெரியல, பாத்துட்டுச் சொல்றேன்னு வந்தேன். அவுகதான் சொன்னாக, ‘ஒட்டுப் போட்ட இன்ஜின்னு தெரிஞ்சா அந்தக் கடையில சாமான் தர மாட்டாவ, இல்லன்னு சொல்லிரு’ன்னு. வேற கடைக்குப் போவட்டுமான்னு கேட்டேன். ‘வேண்டாம், அங்கயே வாங்கு. அந்தக் கவுண்டர்ல கள்ளச் சாமான் குடுக்க மாட்டாவ’ன்னாக.”

ஷைனி போனில் இருந்த பழைய போட்டோவைக் காட்டினாள். கல்யாணக் கோட்டில் ஸ்டெர்லின்.

“அவுகதான்க்கா. இப்ப முடியெல்லாம் போச்சு. வண்டிக்கு வயசு முடிஞ்சதும் இன்ஜின எனக்கே வித்துட்டு, இப்ப ஸ்கூல் வேன் ஓட்டுறாக. அந்த எழுத்து என்னன்னு ஒருநாள் கேட்டேன். பம்பாய்லயே வளந்தவன், எனக்குத் தமிழ் படிக்க வராதுல்லா. கம்பெனிப் பேருன்னாக.” பிறகுதான் அவனுக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். குரலை இறக்கிக்கொண்டான். “அவுக உங்களுக்கு யாருக்கா?”

“குடும்பம் இருக்கா அவருக்கு?”

“சம்சாரம் இருக்காக. ஒரு பையன், காலேஜ் போறான்.”

காலேஜ் போகிற பையன். அனிஷா பாலர் வகுப்பில் இருந்தபோதே அவன் பிறந்திருக்க வேண்டும். ஏர்போர்ட் சவாரி என்று போனவன் எந்த வெள்ளத்திலும் போகவில்லை. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போயிருக்கிறான், அவ்வளவுதான். அவள் தேடுகிறாள் என்பதும் அவனுக்குத் தெரியும். அவள் கேட்ட கேள்வி அவன் வீடு வரைக்கும் போய், அவன் சொல்லிக் கொடுத்த பதில் அவளிடமே திரும்பி வந்திருக்கிறது. அவன் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றிய வண்டி நிற்காமல் ஓடுவதற்கு, இவள் நல்ல கேஸ்கெட்டாகப் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்திருக்கிறாள். ‘இது பிசிறா இருக்கு, இரு, வேற தாரேன்’ என்று மாற்றிக்கூடக் கொடுத்திருக்கிறாள். அடப்பாவி, ஒரு தடவையாவது வேறு கடைக்கு அனுப்பியிருக்கக் கூடாதா?

“நான் எப்படி இருக்கேன்னு எப்பவாது கேட்டாரா உஸாமா? கவுண்டர்ல இருக்கவ எப்படி இருக்கா, ஒரு பிள்ள இருக்குமே, அது என்ன பண்ணுதுன்னு?”

உஸாமா கையிலிருந்த துணியை முறுக்கிக்கொண்டு நின்றான். பொய் சொல்ல அவனுக்கு ஆசையாகத்தான் இருந்தது.

“இல்லக்கா. கேஸ்கெட் கெடச்சுதான்னு மட்டும் கேப்பாக.”

பிறகு அவனே, “போன் போடட்டுமா? பிள்ளைகள இறக்கிவிட்டுட்டு இந்தப் பக்கந்தான் வருவாக” என்றான்.

“வேண்டாம்யா. நான் வந்தேன்னும் சொல்லாத” என்று சொல்லிவிட்டு ஷைனி ஸ்டேஷனைப் பார்த்து நடந்தாள். பின்னால் ஒரு வேன் ஹார்ன் அடித்தது. அவள் திரும்பவில்லை.

வழியெல்லாம் அவளுக்குத் தன்னைப் பற்றிய யோசனையே இல்லை. மகளைப் பற்றித்தான். உண்மையைச் சொல்லலாம். சொன்னால் அனிஷா அடுத்த ரயிலில் பாண்டுப் போய் நிற்பாள், கேட்பாள், அழுவாள். தன்னை வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போன அப்பன் பக்கத்திலேயே இருந்தான் என்பதைச் சுமந்துகொண்டுதான் பீடத்துக்கு முன்னால் நிற்பாள். செத்துப்போன அப்பாவென்றால் பிள்ளை அழுது தீர்த்துவிடும். உயிரோடு இருந்துகொண்டு வராத அப்பாவை என்ன செய்யும்?

வீட்டுக்குப் போகும் முன் கோயிலில் நுழைந்து சாமியாரைப் பார்த்தாள். “காலஞ்சென்றன்னே வாசிங்க சாமி” என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே குறித்துக்கொண்டார். கோயிலுக்குள் நின்று பொய் சொன்னது அவளை உறுத்தத்தான் செய்தது. பொய்யா அது என்று கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

அனிஷா கல்யாணப் புடவைக்கு பிளவுஸ் அளவு கொடுத்துவிட்டு வந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஷைனி எதிரே உட்கார்ந்தாள்.

“மக்கா, அப்பா இல்ல.”

“க்யா?”

“அப்பா செத்துப்போயிட்டாவ. அப்பவே போயிட்டாவ. எனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது.”

அனிஷா முதலில் கத்தினாள், பொய் என்றாள், அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். பிறகு ஷைனியின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் பொய் இல்லை. மடியில் விழுந்து குழந்தை மாதிரி அழுதாள். ஷைனி அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அழட்டும், அழுதால் தீர்ந்துவிடும் என்று இருந்தாள். பெரிய கண்டத்தைத் தாண்டிவிட்டோம் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

அப்போது அனிஷா மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

“கல்லறை எங்கம்மா இருக்கு? கல்யாணத்துக்கு முன்னால போயி ஒரு மெழுகுவத்தி கொளுத்தணும். நாளைக்கே போவோம். அஜினையும் வரச் சொல்றேன்.”

இதை ஷைனி யோசித்திருக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் இறந்த பெரியவர்களின் கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றாத வீடு அவர்கள் சனத்தில் உண்டா? மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள். ஒரு பதில் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை தேட ஆரம்பித்துவிடும், அவளைப் போலவே.

“கல்லறை இல்ல மக்கா” என்றாள். “அடையாளம் தெரியாத பொணம்னு எரிச்சுட்டாவளாம். சாம்பலும் இல்ல. கேக்குறதுக்கு ஆள் யாரும் வரலன்னு எரிச்சுட்டாவளாம்.”

சொல்லி முடித்ததும் ஷைனிக்குத் தாங்க முடியவில்லை. கேட்க ஆள் இல்லாமல் போனவன் என்று அவள் வாயாலேயே சொல்லும்படி ஆகிவிட்டது. கடைக்கு வந்த ஒருவரைக்கூட விடாமல் கேட்டவள் அவள். பாண்டுப்பில் அழவில்லை, ரயிலில் அழவில்லை, கோயிலில் அழவில்லை. இப்போது மார்பில் அடித்துக்கொண்டு அவள் அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள்.

அனிஷாதான் அவளைப் பிடித்துக்கொண்டாள். “நீ என்னம்மா பண்ணுவ? ஒனக்குத் தெரிஞ்சிருந்தா போயிக் கேட்டிருக்க மாட்டியா?” என்று சொல்லிச் சொல்லி, தன் அழுகையை மறந்துவிட்டு அம்மாவைத் தேற்றினாள்.